காங்கேசன்துறையில் கப்பல் நிற்கும் சில மணி நேரத்தை எப்படிச் செலவழிப்பது: தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு

சென்னையில் இருந்து இலங்கை போகும் சொகுசுக் கப்பலுக்கு டிக்கெட் போடுகிற நம்ம பக்கத்து ஆட்கள், பட்டியலில் திருகோணமலை இருந்தால் சந்தோஷப்படுகிறார்கள், காங்கேசன்துறை என்றால் மட்டும் "அங்க என்ன இருக்கு, கப்பல்லயே படுத்துக்கலாம்" என்கிறார்கள். தயவுசெய்து இறங்குங்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடக்குக் கரையில் உள்ள சின்னத் துறைமுகம் அது. சென்னைக் கப்பல் அங்கே வர ஆரம்பித்ததே 2023 ஜூனில்தான், அதே வருஷம் அக்டோபரில் நாகப்பட்டினத்தில் இருந்து பயணிகள் படகும் விட்டார்கள். அதனால் கூட்டமோ, கையைப் பிடித்து இழுக்கும் கைடுகளோ, நீங்கள் பயப்படுகிற அளவுக்கு இருக்காது.

முதலில் பயண ஏற்பாடு. தர்மபுரிக்காரர்கள் சென்னைக்கு ரயில் என்றால் மொரப்பூர், கிருஷ்ணகிரிக்காரர்கள் ஜோலார்பேட்டை, இல்லையென்றால் பஸ். படகில் போவதானால் சேலம், திருச்சி, தஞ்சாவூர் வழியாக நாகப்பட்டினம். இரண்டுக்கும் பாஸ்போர்ட் கட்டாயம். இலங்கை விசா விதியும் கப்பலின் வழித்தடமும் அடிக்கடி மாறும், எனவே பணம் கட்டுவதற்கு முன்பே இரண்டையும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, கடல் கொந்தளிக்கும், படகு ரத்தாவதும் உண்டு. தொப்பூர் கணவாயில் பஸ் திரும்பும்போதே வயிற்றைப் பிடித்துக்கொள்கிறவர் நீங்கள் என்றால், டாக்டரிடம் கேட்டு வாந்தி மாத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கப்பல் கரையை விட்டு நகர்ந்ததும் போனில் டேட்டாவை அணைத்துவிடுங்கள், நடுக்கடலில் சாட்டிலைட் நெட்வொர்க் பிடித்துக்கொண்டால் பில் எகிறிவிடும்.

சரி, இறங்கியாச்சு. எல்லோரும் செய்வது, நேராக யாழ்ப்பாணம் டவுனுக்கு ஓடி நல்லூர், கோட்டை, நூலகம் மூன்றையும் வண்டிக்குள் இருந்தபடியே பார்த்துவிட்டுத் திரும்புவது. டவுன் சுமார் 18 கிலோமீட்டர். போக, வர, வண்டி பேச என்றே நேரம் போய்விடும். என்னைக் கேட்டால் துறைமுகத்தைச் சுற்றியே இருங்கள், பார்க்க வேண்டியது இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள்ளேயே கிடைக்கிறது.

அதில் முதலில் கீரிமலை. கடலை ஒட்டி ஒரு கேணி. நடுவில் ஒரு சுவர்தான், அந்தப் பக்கம் அலை அடிக்கிறது, இந்தப் பக்கம் நீங்கள் நல்ல தண்ணீரில் கழுத்தளவு நிற்கிறீர்கள், முகத்தில் மட்டும் உப்புத் துளி வந்து விழுகிறது. இது எப்படி என்று நம்ம ஊர்க்காரனுக்குத்தான் ஆச்சரியம் அதிகம் வரும். நமக்குக் கீழே இருப்பது கருங்கல், பெய்த மழை அதிகம் கீழே இறங்காது, மேலே ஓடி ஆற்றுக்கும் ஏரிக்கும் போகும். அங்கே அடியில் முழுக்கச் சுண்ணாம்புக்கல், வற்றாத ஆறு என்று ஒன்றுகூடக் கிடையாது, மழைத்தண்ணீர் கல் இடுக்குகளில் இறங்கி நிலத்துக்கு அடியிலேயே நகர்ந்து கடற்கரையில் ஊற்றாக வெளிவருகிறது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கேணி, பெண்கள் கேணிக்குச் சுற்றுச்சுவர் உண்டு. படியில் பாசி வழுக்கும், நீச்சல் தெரியாதவர்கள் மேல்படியிலேயே உட்கார்ந்து குளிக்கலாம். ஒகேனக்கலில் ஆடிப்பெருக்கு அன்று பார்க்கிற மாதிரி கூட்டம் இங்கே ஆடி அமாவாசைக்குத்தான், மற்ற நாளில் நிம்மதியாகக் குளிக்கலாம். மாற்றுத்துணியும் ஒரு பிளாஸ்டிக் கவரும் கொண்டுபோங்கள்.

குளித்த கையோடு பக்கத்திலேயே நகுலேஸ்வரம். ஈழத்தின் பழைய ஐந்து ஈச்சரங்களில், அதாவது சிவன் கோயில்களில், ஒன்று, போரில் சிதைந்து பிறகு எடுத்துக் கட்டியது. அங்கிருந்து ஆட்டோவில் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில். குதிரை முகத்தோடு இருந்த இளவரசி கீரிமலையில் நீராடி முகம் மாறியதாகக் கதை சொல்வார்கள். ஆண்கள் சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும், வேட்டி கட்டிப் போனால் நல்லது. மதியம் நடை சாத்திவிடுவார்கள், அதனால் கோயிலைக் காலையிலேயே முடியுங்கள்.

வழியில் கூரை இல்லாத வீடுகள், 1990-ல் மூடிய சிமென்ட் ஆலை, ராணுவ முகாம் எல்லாம் கண்ணில் படும். முகாமைப் போட்டோ எடுக்காதீர்கள். இடிந்த வீட்டுக்குள் நுழைந்து செல்ஃபி எடுப்பதும் வேண்டாம், அது யாரோ விட்டுவிட்டு ஓடிய வீடு. போரைப் பற்றி நீங்களாகத் தோண்டிக் கேட்காதீர்கள், அவர்களாகச் சொன்னால் கேளுங்கள். அப்புறம், நம்ம பக்கத்து "வா, போ" அங்கே வேண்டாம். சின்னப் பையனாக இருந்தாலும் "நீங்கள்", ஆட்டோக்காரர் என்றால் "அண்ணா". வாடகையை ஏறும் முன்பே, காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துப் பேசிவிடுங்கள். 2024 முதல் இலங்கையிலும் யுபிஐ வந்துவிட்டது என்றாலும் சின்னக் கடைகளில் அதை நம்பாதீர்கள், இலங்கை ரூபாய் கையில் இருக்கட்டும்.

சாப்பாட்டுக்குச் சோறு தேடாதீர்கள், புட்டும் இடியப்பமும், தேங்காய்ப்பாலில் வைக்கும் சொதியும் கேளுங்கள். மீன் சாப்பிடுகிறவர் என்றால், ஒடியல் கூழ் எங்கேயாவது கிடைத்தால் விடக்கூடாது. பனங்கிழங்கு மாவில் மீன், நண்டு, இறால் எல்லாம் போட்டுக் காய்ச்சுவது, காரம் நன்றாகவே இருக்கும். மாம்பழ சீசனாக இருந்தால் கறுத்தக்கொழும்பான் ஒன்று வாங்கி அங்கேயே சாப்பிட்டுப் பாருங்கள். பெங்களூராவும் அல்போன்சாவும் விளைகிற ஊர்க்காரர்கள் நாம், சுலபத்தில் ஒப்புக்கொள்ள மாட்டோம், ஆனால் அது நல்ல பழம்தான்.

வீட்டுக்கு வாங்குவதற்குப் பனங்கட்டியும் (நம்ம ஊர் பனைவெல்லம்தான்) யாழ்ப்பாண மிளகாய்த்தூளும் போதும். பனங்கட்டியைக் குட்டான் என்கிற சின்ன ஓலைப் பெட்டியில் வைத்துத் தருவார்கள், பையில் நசுங்காது. தூளை மட்டும் இரண்டு கவர் போட்டுக் கட்டுங்கள், வறுத்து அரைத்தது, பெட்டி முழுக்க வாசனை ஏறிவிடும்.

கப்பல் கிளம்பும் நேரம் வேறு, நீங்கள் ஏற வேண்டிய கடைசி நேரம் வேறு. இரண்டாவதைத்தான் போனில் அலாரமாக வையுங்கள், அதற்கு ஒரு மணி நேரம் முன்பே துறைமுக வாசலில் இருங்கள். குடியகல்வுச் சோதனைக்கு (பாஸ்போர்ட் பார்த்து வெளியே அனுப்புவது) வரிசை நிற்கும், சின்னத் துறைமுகம் என்பதால் கவுண்டரும் குறைவு.