ஃப்ரைட் லிவர் தாக்குதல்: பொறி எங்கே, தப்பிப்பது எப்படி?

செஸ் போர்டில் காய்களை அடுக்கி, ஒவ்வொரு மூவாக நகர்த்திக்கொண்டே படியுங்கள்.

முதலில் இட்டாலியன் ஓப்பனிங். வெள்ளை இ4, கறுப்பு இ5 (இ4 என்றால் இ வரிசையில் நான்காவது கட்டம்; காயின் பெயர் சொல்லாவிட்டால் சிப்பாய்). வெள்ளைக் குதிரை எஃப்3, கறுப்புக் குதிரை சி6. வெள்ளை பிஷப் சி4, கறுப்பின் இன்னொரு குதிரை எஃப்6.

நான்காவது மூவ்: வெள்ளைக் குதிரை ஜி5. குறி எஃப்7 சிப்பாய். அதற்கு ராஜா மட்டுமே காவல். கறுப்புக் குதிரை எஃப்6-ல் நின்றால்தான் இதை ஆடலாம். அதற்குப் பதில் கறுப்பு பிஷப்பை சி5-க்கு எடுத்திருந்தால், டி8 ராணிக்கு ஜி5 வரை வழி திறந்திருக்கும். உங்கள் குதிரை சும்மா போய்விடும். புதிதாக ஆடுபவர்கள் இதைப் பார்க்காமலே பாய்வார்கள்.

கறுப்பு இப்போது எச்6 தள்ளினால் வேலைக்காகாது. குதிரை எஃப்7-ஐ வெட்டி ராணியையும் யானையையும் ஒருசேர மிரட்டும். டி5 தள்ளி பிஷப்பை மறிப்பதே நல்லது. அதை வெள்ளை இ4 சிப்பாயால் வெட்ட வேண்டும். பிஷப்பால் வெட்டினால், எஃப்6 குதிரை பிஷப்பை வெட்டும். ராணிக்கு வழி திறந்து ஜி5 குதிரையும் மாட்டிக்கொள்ளும்.

பொறி இங்கேதான். டி5 சிப்பாயைக் கறுப்பு குதிரையால் வெட்டினால்:

6. குதிரை எஃப்7-ல் வெட்டு. இதுதான் ஃப்ரைட் லிவர் தாக்குதல். ராஜா அதை வெட்டும்.
7. ராணி எஃப்3, செக். ராஜா ஜி8-க்கு ஒதுங்கினால் பிஷப் டி5-ல் வெட்டி செக், பத்தாவது மூவுக்குள் மேட். டி5 குதிரையைக் காக்க ராஜா இ6-க்கு வந்தாக வேண்டும்.
8. குதிரை சி3. டி5 குதிரை மேல் மூன்றாவது அடி. ராஜா பின்னால் நிற்பதால் அது அசையவும் முடியாது.

வெள்ளை கவனிக்க: குதிரையைக் கொடுத்து வாங்கியது ஒரு சிப்பாய்தான். டி4, கேஸ்லிங் என்று சீக்கிரம் நடுவைத் திறக்காமல் வெறும் செக் கொடுத்துக்கொண்டிருந்தால் ராஜா நழுவிவிடும்.

கறுப்பு ஆட வேண்டிய ஐந்தாவது மூவ், குதிரை ஏ5. பிஷப் பி5 செக், சி6. வெள்ளை டி5 சிப்பாயால் அதை வெட்டும், கறுப்பு பி சிப்பாயால் திருப்பி வெட்டும். பிஷப் இ2, எச்6. இப்போது குதிரை எஃப்3-க்குத் திரும்பினால் இ4 தள்ளி மறுபடி விரட்டலாம். ஒரு சிப்பாய் குறைவு, ஆனால் கறுப்புக் காய்கள் வேகமாக வெளியே வரும்.

1963-ல் நியூயார்க் மாநில ஓப்பனில் பின்னாளில் உலக சாம்பியனான பாபி ஃபிஷர், அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் பிஸ்கையருக்கு எதிராக இதே நிலையில் குதிரையை ஓரத்து எச்3-க்கு எடுத்து ஜெயித்தார். முதல் உலக சாம்பியன் ஸ்டைனிட்ஸ் காலத்து மூவ் அது. கறுப்பு பிஷப் அந்தக் குதிரையை வெட்ட, ஃபிஷர் ஜி சிப்பாயால் திருப்பி வெட்டினார். ராஜாப் பக்கச் சிப்பாய்கள் சிதைந்தாலும் இரண்டு பிஷப்பும் கையில் இருந்தன. அப்படிச் சிதைந்த நிலையில் ஆடிப் பழகும்வரை எஃப்3 போதும்.