பஞ்சசீலத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பெரும்பாலும் தங்கள் சமயத்தைத்தான் பாடமாகப் படிக்கிறார்கள். மற்றவர்களின் ஒழுக்கநெறியை வீட்டில்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. பஞ்சசீலம் என்பது பௌத்தர்கள் எடுக்கும் ஐந்து ஒழுக்க உறுதிகள். அந்தப் பட்டியலைப் பாடமாக்க வைக்காதீர்கள். ஒரு நிலைமையைச் சொல்லித் தொடங்குங்கள்.

குளக்கட்டில் ஒரு பணப்பை கிடக்கிறது, பக்கத்தில் ஆளில்லை. எடுக்கலாமா? கூடாது என்றுதான் எல்லாப் பிள்ளைகளும் சொல்லுவார்கள். சரி, ஏன் என்று கேளுங்கள். கிறிஸ்தவத்தில் களவெடாதே என்பது கடவுளின் கட்டளை. பௌத்தத்தில் அப்படிக் கட்டளையிடும் கடவுள் இல்லை; கொடுக்காததை எடுக்கமாட்டேன் என்று ஆள் தானே உறுதி எடுக்கிறார், செயலின் பலனும் அவருக்கே. குறளில் கள்ளாமை 29ஆம் அதிகாரம். சமயமே இல்லாதவர், தொலைத்தவரின் தவிப்பை நினைத்துத் திருப்பிக் கொடுப்பார்.

கஷ்டமான இடம் முதலாவது சீலமான கொல்லாமை. "அப்பா மீன் பிடிக்கிறாரே, பாவமா?" என்று கரையோரப் பிள்ளை கட்டாயம் கேட்கும். மழுப்ப வேண்டாம். உயிர்களையும் இறைச்சியையும் விற்றுப் பிழைப்பதைத் தவிர்க்கும்படி பௌத்தம் சொல்கிறது என்பதை உள்ளபடி சொல்லுங்கள். கூடவே, வெள்ளிக்கிழமை மரக்கறி மட்டும் சமைக்கும் சைவ வீட்டையும், தவக்கால வெள்ளியில் இறைச்சியை விட்டு மீன் சாப்பிடும் கத்தோலிக்க வீட்டையும் காட்டுங்கள். சீலம் தனக்காக எடுப்பது, அதை வைத்து அப்பாவை எடை போடக்கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது சீலம் பாலியல் ஒழுக்கம். சின்னப் பிள்ளைக்கு, மற்றவர் உடம்பை மதிக்க வேண்டும் என்ற அளவே போதும்.