வெங்காய வேரின் ஒரு சென்டிமீட்டரில் செல்களைப் படிப்பது எப்படி

வெங்காய வேர் நுனியை நசுக்கி நுண்ணோக்கியில் பார்ப்பது மேல்நிலை வகுப்பு உயிரியல் படித்த பலருக்கும் அறிமுகமான செய்முறைதான். ஆனால் செல் பிரிவின் ஒரு கட்டமான மெட்டாஃபேஸ் நிலையில் ஒரு செல் அகப்பட்டதும் அதை வரைந்து, ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கி, ஸ்லைடைக் கழுவி வைத்துவிடுவதே பெரும்பாலும் நடக்கிறது. அந்த ஒரு செல்லுக்கு முன்னும் பின்னும், வேரின் நுனியிலிருந்து மேல்நோக்கி ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்குள், செல்கள் பெருகுவதையும், பெருகுவதை நிறுத்தி வெவ்வேறு வேலைகளுக்குத் தம்மை மாற்றிக்கொள்வதையும் வரிசையாகக் காண முடியும். ஒரு செல் என்னவாக ஆகிறது என்பதை அது இருக்கும் இடம் பெரிதும் தீர்மானிக்கிறது என்பதால், வேரை நுனியிலிருந்து மேலாக, இடம் விட்டு இடம் படிப்பதே சரியான முறை. அதற்கான வழிகளைக் கீழே விவரிக்கிறேன்.

வெங்காயத்தைத் தேர்ந்தெடுப்பதில் சற்றுக் கவனம் வேண்டும். சின்ன வெங்காயம், பெரிய வெங்காயம் இரண்டுக்குமே உடற்செல்லில், மரபுச் செய்தியைத் தாங்கும் இழைகளான குரோமோசோம்கள் 16தான். அவை பருத்து நீண்டவை என்பதால் சாதாரண நுண்ணோக்கிக்கே தெளிவாகத் தெரியும். முளைக்காமலிருக்கக் கதிர்வீச்சு அளிக்கப்பட்ட வெங்காயம் இதற்கு உதவாது. அடித்தட்டில் ஒட்டியிருக்கும் காய்ந்த பழைய வேர்களைத் தட்டுக்குச் சேதமில்லாமல் கத்தி முனையால் சுரண்டிவிட்டு, வெங்காயத்தின் இடுப்பில் மூன்று ஈர்க்குச்சிகளைச் செருகி, தண்ணீர் நிரம்பிய கண்ணாடித் தம்ளரின் விளிம்பில் அடித்தட்டு மட்டும் நீரைத் தொடும்படி உட்கார வைக்க வேண்டும். வெங்காயம் நீரில் அமிழ்ந்தால் அழுகி நாற்றமெடுக்கும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் என்றால் ஓர் இரவு திறந்து வைத்திருந்து பயன்படுத்துவதும், நாள்தோறும் நீரை மாற்றுவதும் நல்லது. இரண்டு முதல் நான்கு நாள்களில் வேர்கள் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் நீண்டுவிடும்.

வெட்டுவதற்கு முன் ஓர் எளிய சோதனையைச் செய்துவிடுங்கள். இதற்கு நுண்ணோக்கியே தேவையில்லை. வேர் ஒன்றை மெல்லிய துணியால் ஒற்றியெடுத்து, நுனியிலிருந்து ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் நீரில் கரையாத மையால் ஒரு கோடாகப் பத்துக் கோடுகள் இட்டு, மறுபடி நீரில் விடுங்கள். ஜெர்மானியத் தாவரவியலாளர் யூலியஸ் சாக்ஸ் 19ஆம் நூற்றாண்டில் அவரை இனத்துச் செடியின் வேரில் செய்து காட்டிய சோதனை இது. மறுநாள் பார்த்தால் மேலே உள்ள கோடுகள் இட்டது இட்டபடியே இருக்கும். நுனிக்குச் சற்றுப் பின்னால் உள்ள கோடுகள் மட்டும் விலகிப் போயிருக்கும். வேர் நீள்வதற்குச் செல்கள் எண்ணிக்கையில் பெருகுவது மட்டும் போதாது. பெருகிய செல்கள் நீரை உறிஞ்சி உப்பி நீள வேண்டும், அந்த நீட்சி ஒரு குறுகிய பட்டையில்தான் நடக்கிறது. இந்தக் கோடுகளை மனத்தில் வைத்துக்கொண்டால், பின்னால் ஸ்லைடில் காண்பது வேரின் எந்த இடத்துச் செல் என்று குழப்பம் வராது.

அடுத்தது செல்களை இருந்த நிலையிலேயே நிறுத்தும் பதப்படுத்தல். காலை 8 மணிக்கும் 10 மணிக்கும் இடையில் வேர்களை வெட்டச் சொல்வது செய்முறைக் கையேடுகளின் வழக்கம். எத்தில் ஆல்கஹால் மூன்று பங்கு, செறிந்த அசிட்டிக் அமிலம் ஒரு பங்கு என்று அப்போதே கலந்த கரைசலில் 24 மணி நேரம் போட்டு வைத்து, பிறகு 70 சத ஆல்கஹாலுக்கு மாற்றிக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் பல வாரங்கள் வரை பயன்படுத்தலாம். செறிந்த அசிட்டிக் அமிலம் தோலைப் புண்ணாக்கும், அதன் ஆவி கண்ணைக் கரிக்கும். ஆகவே இந்த வேலையை ஆசிரியர் உடனிருக்கும் ஆய்வகத்தில், சன்னல் திறந்த நிலையில், கையுறை அணிந்து செய்ய வேண்டும், வீட்டுச் சமையலறையில் அல்ல.

சாயமேற்றும்போது கவனிக்க வேண்டியது, தாவரச் செல்கள் பெக்டின் என்னும் பசையால் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன என்பது. அந்தப் பசையை இளக்காமல் நசுக்கினால் செல்கள் கட்டி கட்டியாக ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும், எதுவும் தெரியாது. அசிட்டோ ஆர்சீன் சாயம் ஒன்பது பங்கு, 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு பங்கு என்று வாட்ச் கிளாஸில் எடுத்து, வேர்களை அதில் இட்டு, ஸ்பிரிட் விளக்கின் மேல் ஆவி எழும் வரை மெல்லச் சூடாக்கி, கொதிக்கவிடாமல் இறக்கி, பத்துப் பதினைந்து நிமிடம் மூடி வையுங்கள். அசிட்டோ கார்மைனும் பயன்படும். வெளியே எடுத்த வேரில் நுனியின் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மட்டும் கருஞ்சிவப்பாகவும் மீதி வெளிறியும் இருக்கும். நுனிச் செல்கள் சிறியவை, நெருக்கமானவை, செல்லின் பெரும்பகுதியை உட்கருவே அடைத்துக்கொண்டிருப்பது என்பதால் சாயம் அங்கே குவிகிறது.

அந்தக் கருத்த நுனியை வெட்டி, ஸ்லைடில் 45 சத அசிட்டிக் அமிலத்தின் ஒரு துளியில் வைத்து, கவர் ஸ்லிப்பால் மூடுங்கள். பென்சிலின் அழிப்பான் உள்ள முனையால், நடுவிலிருந்து வெளிப்புறமாக, இருபது முப்பது தட்டு மெதுவாகத் தட்ட வேண்டும். புள்ளியாக இருந்த திசு மேகம் கலைவதுபோல் விரியும். பிறகு ஸ்லைடை மடித்த ஒற்றுத்தாளுக்குள் வைத்துக் கட்டைவிரலால் செங்குத்தாக ஒரே அழுத்து. விரல் பக்கவாட்டில் இம்மி நகர்ந்தாலும் செல்கள் உருண்டு கயிறாகத் திரிந்துவிடும்; என் முதல் ஆறு ஸ்லைடுகள் அப்படித்தான் போயின. நன்றாக அமைந்த ஸ்லைடின் ஓரங்களை நகப்பூச்சால் அடைத்தால் சில நாள்கள் காயாமல் இருக்கும்.

பத்து மடங்குப் பொருளருகு லென்சில் நல்ல இடத்தைத் தேடிப் பிடித்துவிட்டு நாற்பது மடங்குக்கு மாறுங்கள். பெரும்பாலான செல்களில் உட்கரு பொடி தூவியதுபோல் ஒரே சீராகத் தெரியும். இவை இடைநிலைச் செல்கள். ஓய்வு நிலை என்று பழைய புத்தகங்கள் இதைச் சொன்னது பொருத்தமற்றது, டி.என்.ஏ. முழுவதும் இரட்டிப்பது இந்தக் கட்டத்தில்தான். புரோஃபேஸில் பொடி நூல்கண்டாகிறது. மெட்டாஃபேஸில் குரோமோசோம்கள் செல்லின் நடுக்கோட்டில் அணிவகுக்கின்றன. அனாஃபேஸை அடையாளம் காண இரண்டு வாழைச் சீப்புகளை நினைத்துக்கொள்ளலாம்: காம்புப் பக்கம் இரண்டும் வெளியே பார்க்க, பழநுனிகள் ஒன்றையொன்று எதிர்நோக்கியிருக்கும். கதிர்கோல் இழைகள் குரோமோசோமை அதன் இடுக்குப் பகுதியான சென்ட்ரோமியரில் பிடித்து இழுப்பதால் கைகள் பின்னால் தொங்கிவருகின்றன, அந்த வடிவம் அப்படி வருவதுதான். டீலோஃபேஸில் இரண்டு உட்கருக்களுக்கும் நடுவே செல் தட்டு மையத்தில் தொடங்கி விளிம்பை நோக்கி வளர்கிறது. விலங்குச் செல்லோ வெளியிலிருந்து உள்நோக்கி இறுகிப் பிரிகிறது.

அடையாளம் காண்பதோடு நிற்காமல் எண்ணிப் பாருங்கள். வெவ்வேறு இடங்களில் குறைந்தது 500 செல்களை எண்ணி, அவற்றில் பிரிந்துகொண்டிருப்பவை எத்தனை என்று குறியுங்கள். 500இல் 45 என்றால் பகுப்புக் குறியெண் 9 சதம். ஒரு நிலையில் அதிகச் செல்கள் அகப்பட்டால் அந்த நிலை நீண்ட நேரம் எடுக்கிறது என்று பொருள். செல் சுழற்சி முழுவதற்கும் 20 மணி நேரம் என்று வைத்துக்கொண்டு, நூற்றில் 6 செல்கள் புரோஃபேஸில் இருந்தால், அதற்கு ஏறத்தாழ 72 நிமிடம் ஆகிறது என்று கணக்கிடலாம். எண்ணிய செல்கள் அனைத்தும் சுழற்சியில் உள்ளவை என்ற அனுமானத்தில் நிற்கும் கணக்கு இது என்பதையும் குறித்து வைக்க வேண்டும். புற்றுக்கட்டியின் திசுத் துண்டை ஆராயும் நோயியல் மருத்துவர் குறிப்பிட்ட பரப்பில் பிரியும் செல்களை எண்ணுவதும் இதே அடிப்படையில்தான்.

இனி, பலரும் தொடாத பகுதி. இன்னொரு வேரை எடுத்து, நுனியை மட்டும் வெட்டாமல், ஒரு சென்டிமீட்டர் நீளத்தையும் அதே முறையில் இளக்கி, நீளவாக்கில் கிடத்தி, மிதமாக அழுத்தி, நுனியிலிருந்து தொடங்கி ஸ்லைடை மெல்ல நகர்த்திக்கொண்டே பாருங்கள். முதலில் வேர்மூடியின் தளர்ந்த செல்கள் வரும், அவை உதிர்வதற்கென்றே பிறந்தவை. அடுத்து, கட்டம் கட்டமாகச் சதுரச் செல்கள். இங்கே ஒரு கூட்டம் மட்டும் அரிதாகவே பிரியும். அதன் பெயர் உறக்க மையம். 1950களில் மக்காச்சோள வேரில் இதைக் கண்டறிந்தவர் ஆங்கிலேயத் தாவரவியலாளர் கிளவுஸ். சதுரங்களைத் தாண்டினால் செல்கள் பெட்டி வடிவத்திலிருந்து நீண்ட குழாய் வடிவத்துக்கு மாறும், உட்கரு ஒரு சுவரோரம் ஒதுங்கியிருக்கும், பகுப்பு ஒன்றுகூட கண்ணில் படாது. இன்னும் மேலே, நடு அச்சில், சுருள்கம்பிபோல் தடித்த சுவர் கொண்ட சைலக் குழாய் தெரியும். நீர் ஏற வழிவிடுவதற்காக இந்தச் செல் தன் உட்கருவையும் உள்ளடக்கத்தையும் தானே செரித்துக்கொண்டு இறக்கிறது. உயிரோடிருந்தால் அந்த வேலைக்கு அது பயன்படாது. வேர்த்தூவிகளையும் பார்க்க விரும்பினால் நீரில் வளர்ந்த வெங்காயத்தை நம்ப வேண்டாம், ஈர ஒற்றுத்தாளில் முளைத்த கடுகில் அவை பஞ்சுபோல் அடர்ந்திருக்கும்.

வேர்மூடிச் செல், சைலக் குழாய்ச் செல், தூவிச் செல் எல்லாம் ஒரே நுனித் திசுவிலிருந்து வந்தவை, ஒரே மரபுச் செய்தியைப் பெற்றவை. பிறகு வேறுபாடு எங்கிருந்து வருகிறது? கடுகுக் குடும்பத்துச் சிறு செடியான அராபிடாப்சிஸின் வேர் நுனியில், 1995இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் ஆய்வாளர்கள் லேசர் கதிரால் தனித்தனிச் செல்களைக் கொன்று பார்த்தார்கள். காலியான இடத்துக்குள் பக்கத்துச் செல்லின் வாரிசு நுழைந்தது. நுழைந்ததும் தன் பழைய குலத் தொழிலை விட்டுவிட்டு, புது இடத்துக்குரிய வேலையை ஏற்றுக்கொண்டது. அண்டைச் செல்கள் அனுப்பும் செய்திதான் அதற்கு வழிகாட்டியது. விலங்குக் கருவில் எல்லாச் செல்களும் இந்த அளவுக்கு நெகிழ்வுள்ளவை அல்ல என்பதால், வேரின் முடிவை அப்படியே மனித உடலுக்குப் பொருத்திவிடக் கூடாது.

இழந்ததை மீண்டும் உருவாக்குவதையும் இங்கேயே சோதிக்கலாம். தம்ளரில் உள்ள வேர்கள் சிலவற்றின் நுனியை ஐந்து மில்லிமீட்டர் அளவுக்கு வெட்டிவிட்டால் அவை நீள்வது நின்றுபோகும். பிரியும் செல்களும் நீளும் செல்களும் போய்விட்டன. மக்காச்சோள வேரில் வேர்மூடியை மட்டும் கவனமாக நீக்கினால் கதை வேறு: அதுவரை சோம்பியிருந்த உறக்க மையம் விழித்துப் பிரியத் தொடங்கி, புதிய மூடியைக் கட்டிவிடுகிறது. சேமிப்பில் வைத்த செல்கள் தேவைப்பட்டபோது வேலைக்கு வருவது ஒரு வழி. முதிர்ந்த செல் பின்னோக்கித் திரும்புவது இன்னொரு வழி. முருங்கைப் போத்தை வெட்டி ஈர மண்ணில் ஊன்றினால், தண்டுச் செல்களாக வாழ்ந்தவை மீண்டும் பிரியத் தொடங்கி வேராகின்றன. ஆய்வக ஊடகத்தில் ஆக்சின், சைட்டோகைனின் என்னும் தாவர ஹார்மோன்கள் எந்த விகிதத்தில் சேர்கின்றன என்பதைப் பொறுத்து, வடிவமற்ற செல்திரள் வேராகவோ தண்டாகவோ மாறும் என்று 1957இல் ஸ்கூக், மில்லர் இருவரும் புகையிலைத் திசுவில் காட்டினார்கள். ஆக்சின் மிகுந்தால் வேர், சைட்டோகைனின் மிகுந்தால் தண்டு.

பகுப்பைத் தடுத்துப் பார்ப்பது கடைசிச் சோதனை. இதற்குப் புகழ்பெற்ற பொருள் கால்சிசின். தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் இருப்பது அது. கதிர்கோல் இழைகள் உருவாகவிடாமல் செல்லை மெட்டாஃபேஸிலேயே நிறுத்திவிடும். ஸ்வீடனின் ஆல்பர்ட் லெவான் 1938இல் வெங்காய வேரில் இதன் விளைவை விவரித்தார். அதே லெவானும், தாவரக் குரோமோசோம்களில் கைதேர்ந்த ஜோ ஹின் ஜியோவும், கால்சிசினையும் இதே நசுக்கு முறையையும் மனிதச் செல்களில் பயன்படுத்தி, அதுவரை 48 என்று நம்பப்பட்ட மனிதக் குரோமோசோம் எண்ணிக்கை 46 என்று 1956இல் வெளியிட்டார்கள். நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கப்படும் வின்கிரிஸ்டினும் கதிர்கோல் இழைகளைக் குறிவைப்பதுதான். குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு அது மருந்தாகிறது. இப்படிப் பகுப்பைத் தாக்கும் மருந்துகள் புற்றுச் செல்லையும், இயல்பாகவே வேகமாகப் பிரியும் மயிர்க்கால் செல்லையும் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. சிகிச்சையின்போது முடி கொட்டுவதற்குக் காரணம் அதுவே. செங்காந்தள் உயிரைப் பறிக்கும் நஞ்சு. கிழங்கையோ விதையையோ அரைத்து இந்தச் சோதனையைச் செய்ய ஒருபோதும் முற்பட வேண்டாம்.

அதற்குப் பதிலாகக் காஃபீனை எடுத்துக்கொள்ளலாம். இரண்டு வெங்காயங்களை ஒன்றுபோல் வேர்விடச் செய்து, ஒன்றை வெறும் நீரிலும் மற்றதை 0.1 சதக் காஃபீன் கரைசலிலும் சில மணி நேரம் வைத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் பதப்படுத்துங்கள். ஸ்லைடுகளின் பெயரைத் தாள் ஒட்டி மறைத்து, எது எதுவென்று தெரியாமல் எண்ணினால் எண்ணுபவரின் விருப்பம் கணக்கில் நுழையாது. காஃபீன் குரோமோசோம்களின் பிரிவில் தலையிடுவதில்லை. செல் தட்டு முழுமையாக உருவாவதைத்தான் கெடுக்கிறது. ஆகவே அந்த வேரில், குறுக்குச் சுவர் எழாமல், ஒரே அறைக்குள் இரண்டு உட்கருக்கள் அருகருகே இருக்கும் செல்களைக் காண்பீர்கள். இரண்டு ஸ்லைடுகளிலும் அவற்றின் எண்ணிக்கையைத் தனித்தனியே எழுதிய பிறகு மறைத்த தாளைப் பிரியுங்கள்.