எக்ஸாஸ்ட் ஆவியில் பாய்லர் தண்ணீரைச் சுடவைப்பது: பெங்களூருக்கு ஏற்ற கணக்கும் கட்டுமானமும்

மணிக்கு 30 கிலோ நீராவி குடித்து 1.5 குதிரைத்திறன் தருகிற சின்ன இன்ஜினை எடுத்துக்கொள்வோம். பாய்லர் அழுத்தம் 4 கிலோ (அழுத்தம் எல்லாமே சதுர சென்டிமீட்டருக்கு). 25 டிகிரியில் இருக்கும் தண்ணீரை அந்த அழுத்தத்தில் ஆவியாக்க, கிலோவுக்குச் சுமார் 630 கிலோகலோரி ஆகும். மணிக்கு 18,900. தண்டில் வேலையாகக் கைக்கு வருவது 950 மட்டுமே. பாய்லர் தண்ணீருக்குள் 100 ரூபாய் வெப்பம் போனால் 5 ரூபாய்க்கு வேலை நடக்கிறது. மீதியில் பெரும்பகுதி, வேலை முடிந்த ஆவியாக எக்ஸாஸ்ட் குழாய் வழியாக வானத்துக்குப் போய்விடுகிறது.

அப்படிப் போகிற ஆவி தண்ணீராகக் குளிர்ந்தால், ஒவ்வொரு கிலோவும் இன்னும் 540 கிலோகலோரி தரும். மணிக்கு 30 லிட்டரை 25-லிருந்து 90 டிகிரிக்கு ஏற்ற நமக்கு வேண்டியது 1,950 கிலோகலோரி, அதாவது 3.6 கிலோ ஆவி. வெளியே போவதில் எட்டில் ஒரு பங்கு. இந்த எட்டில் ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் பாதித் தவறுகள் நடக்காது. ஆவியை மடக்கி, நெருக்கி, ஒரு சொட்டு விடாமல் பிழிய வேண்டிய அவசியமே இல்லை.

லாபம் எவ்வளவு? 630-க்குப் பதிலாக 565 கிலோகலோரி கொடுத்தால் போதும், அதாவது எரிபொருளில் 10 சதவீதம். ஊட்டுநீர் (பாய்லருக்குள் அனுப்பும் தண்ணீர்) 6 டிகிரி ஏறினால் எரிபொருள் 1 சதவீதம் குறையும் என்று பாய்லர் ஆட்கள் சொல்கிற வாய்க்கணக்கும் இதையே காட்டும். 25 சதவீதம் மிச்சமாகும் என்று யாராவது சொன்னால், அவர் அளந்து பார்க்கவில்லை.

இதற்கு இரண்டு முறைகள் உண்டு. தொட்டியில் ஆவியை நேராக விட்டுத் தண்ணீரோடு கலப்பது திறந்த முறை. செம்புச் சுருளுக்குள் தண்ணீரும் வெளியே ஆவியுமாக இரண்டும் கலக்காமல் வைப்பது மூடிய முறை. திறந்த முறை செலவில்லாதது, தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனையும் கொஞ்சம் வெளியேற்றிவிடும். ஆனால் சிலிண்டர் எண்ணெய் தொட்டிக்குள் வந்துவிடும், பம்பும் சுடுதண்ணீரை இழுக்க வேண்டியிருக்கும். இந்த இரண்டாவது சிக்கல் பெங்களூரில் கூடுதலாகக் கடிக்கும். ஊர் கடல் மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேல் இருப்பதால் காற்றழுத்தம் 0.91 பார் அளவில்தான் நிற்கிறது. தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். 90 டிகிரித் தண்ணீரின் ஆவியழுத்தம் 0.70 பார். தண்ணீரைக் கொதிக்கவிடாமல் பம்புக்குள் தள்ள மிச்சம் இருப்பது 0.21 பார், சுமார் 2 மீட்டர் நீர்மட்டம். பம்பின் உறிஞ்சு வால்வு, எல்போ, வடிகட்டி எல்லாம் அதையே தின்றுவிடும். சென்னையில் இதே அமைப்புக்கு 3 மீட்டருக்கு மேல் கையிருப்பு உண்டு. அங்கே ஒழுங்காக ஓடிய வரைபடத்தை அப்படியே பெங்களூர் பீன்யாவில் செய்தால் பம்பு 'டக் டக்' என்று வெறுமனே அடிப்பதற்கு இதுதான் காரணம். பிளஞ்சர் (பம்பின் தள்ளுதண்டு) தேய்ந்துவிட்டதோ என்று கழற்றிப் பார்ப்பது வீண்.

அதனால் சின்ன இன்ஜினுக்கு எங்கள் தேர்வு மூடிய முறை. வரிசை இது: குளிர்ந்த தண்ணீர்த் தொட்டி, பம்பு, பைபாஸ் டீ (மிஞ்சும் தண்ணீரைத் தொட்டிக்குத் திருப்பும் மூவழி இணைப்பு), ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு (தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடுவது), ஹீட்டர் சுருள், பாய்லர் வாயிலில் இன்னொரு நான்-ரிட்டர்ன் வால்வு. பம்பு எப்போதும் பச்சைத் தண்ணீரையே தொட வேண்டும். பைபாஸ் ஹீட்டருக்கு முன்னால்தான் பிரிய வேண்டும். பின்னால் பிரித்தால் சுடுதண்ணீர் தொட்டிக்குத் திரும்பும், அரை மணியில் தொட்டியே சூடாகி, பழைய தொல்லை பின்வாசல் வழியாக உள்ளே வரும்.

இனி சுருள். வெப்பம் கடக்கும் வேகம் 500 வாட் (சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு) என்று எண்ணெய்ப் படலத்துக்கும் இடம் விட்டுக் கணக்கிட்டால் 0.16 சதுர மீட்டர் பரப்பு வரும். மூணு நூல் செம்புக் குழாய், அதாவது 9.5 மில்லிமீட்டர் வெளிவிட்டம், மீட்டருக்கு 0.03 சதுர மீட்டர் தரும். ஐந்தரை மீட்டர் போதும், 6 மீட்டர் வாங்குங்கள். எஸ்.பி. ரோட்டுப் பக்கத்திலோ ஏ.சி. உதிரிபாகக் கடையிலோ 'மூணு நூல் சாஃப்ட் காப்பர்' என்று கேட்டால் சுருளிலிருந்து வெட்டித் தருவார்கள். விறைப்பான நேர்க்குழாய் வேண்டாம், வளைக்கும்போது மடிந்துவிடும். ரெண்டு நூல் குழாயில் தண்ணீர் வேகமாக ஓடுவதால் வெப்பம் நன்றாக ஏறும் என்பது உண்மை. ஆனால் போர் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் அதைத் தொடவே வேண்டாம், உப்புப் படிந்து சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

குழாயின் ஒரு முனையை அடைத்து, நன்றாகக் காய்ந்த, சலித்த பொடிமணலைத் தட்டித்தட்டி நிரப்பி, மறுமுனையையும் அடையுங்கள். 70 மில்லி விட்டமுள்ள மர உருளையிலோ இரும்புக் குழாயிலோ இழுத்துப் பிடித்துச் சுற்றினால் நடுவிட்டம் 80 மில்லி அளவில் 24 சுற்று வரும். சுற்றுக்குச் சுற்று 3, 4 மில்லி இடைவெளி விடுங்கள். சேர்த்துச் சுற்றினால் ஆவி இடையில் புகாது, பாதிப் பரப்பு வீணாகும். சுருளின் உயரம் 310 மில்லி அளவில் நிற்கும். பிறகு மணலைக் கொட்டி, குழாய்த் தண்ணீரை வேகமாக விட்டு, பத்து நிமிடம் தட்டித்தட்டிக் கழுவுங்கள். ஒரு மணல் துகள் போய் பாய்லர் நான்-ரிட்டர்ன் வால்வின் சீட்டில் உட்கார்ந்தால் போதும், பாய்லர் தண்ணீர் திரும்பி வரும், பம்புத் தலை கையை வைக்க முடியாத அளவுக்குச் சுடும்.

வெளிக்கூட்டுக்கு நாலு இஞ்சு இரும்புக் குழாய், 400 மில்லி நீளம். உள்விட்டம் 105 மில்லி அளவில் இருப்பதால் சுருளைச் சுற்றி 7, 8 மில்லி சந்து கிடைக்கும், நடுவிலும் 70 மில்லி வெற்றிடம். ஒரு இஞ்சு எக்ஸாஸ்ட் குழாயின் ஆவிக்கு இது தாராளம். கீழ்மூடியை வெல்டிங் செய்துவிடலாம். மேல்மூடி ஃபிளேஞ்சும் கேஸ்கெட்டுமாகக் கழற்றக்கூடியதாகவே இருக்கட்டும். சுருளின் இரு முனைகளும் மேல்மூடி வழியாகவே வெளியேறட்டும். அப்போது நாலு போல்ட்டைக் கழற்றினால் சுருள் முழுதாகக் கையோடு வந்துவிடும். மூடியில் குழாய் நுழையும் இடத்தைச் சில்வர் பிரேசிங் செய்யுங்கள். ஈயப்பற்று 190 டிகிரிக்குள்ளேயே இளகிவிடும், அழுத்தமும் அதிர்வும் உள்ள இடத்தில் அதை நம்ப முடியாது.

தண்ணீர் சுருளின் அடியில் நுழைந்து மேலே ஏற வேண்டும், காற்று தங்காது. ஆவி கூட்டின் பக்கவாட்டில், அடியிலிருந்து 60 மில்லி மேலே நுழைந்து, உச்சியில் வெளியேறட்டும். அடிமட்டத்தில் வடிகால். அதில் 600 மில்லி ஆழமுள்ள 'யு' வளைவு ஒன்று போட்டால் தண்ணீர் வடியும், ஆவி சீறாது. கூட்டை சிலிண்டரின் எக்ஸாஸ்ட் துவாரத்துக்குக் கீழேதான் வைக்க வேண்டும், இதில் சமரசம் வேண்டாம். இன்ஜின் நின்று சிலிண்டர் குளிரும்போது உள்ளே வெற்றிடம் ஏற்பட்டு, தேங்கிய தண்ணீரை உறிஞ்சும். மறுநாள் காலையில் பிளைவீலைத் திருப்பினால் பிஸ்டனுக்கும் மூடிக்கும் நடுவில் தண்ணீர் மாட்டி, சிலிண்டர் மூடி விரிசல் விடும்.

ஹீட்டருக்கும் பாய்லருக்கும் இடையில் கையால் மூடும் ஸ்டாப் வால்வு இருந்தால், அதற்கு முன்னால் ஒரு ரிலீஃப் வால்வு (அழுத்தம் மிஞ்சினால் தானே திறப்பது) கட்டாயம். 25-லிருந்து 97 டிகிரிக்குப் போகும் தண்ணீர் 4 சதவீதம் விரியும். இரண்டு பக்கமும் அடைபட்ட சுருளுக்குள் அந்த விரிவுக்கு இடம் கிடையாது. பாய்லர் 4 கிலோ என்றால் ரிலீஃப் 6 கிலோவில் திறக்கட்டும். சுருளைக் கைப்பம்பால் தண்ணீர் நிரப்பி 9 கிலோவுக்கு ஏற்றி, பத்து நிமிடம் முள் அசையாமல் நிற்கிறதா என்று பாருங்கள். காற்றடித்துச் சோதிக்கவே கூடாது.

பாய்லர் கொள்ளளவு 25 லிட்டரும் அழுத்தம் 1 கிலோவும் தாண்டினால் அது பாய்லர் சட்டத்துக்குள் வந்துவிடும் (1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் இப்போது 2025-ஆம் ஆண்டுச் சட்டம்). பதிவான பாய்லரின் ஊட்டுநீர்க் குழாயில் கை வைப்பதற்கு முன் கர்நாடகத் தொழிற்சாலை, பாய்லர் துறையிடம் பேசிவிடுங்கள்.

பின்னழுத்தத்தைக் கணக்கில் எடுக்காதவர்கள்தான் அதிகம். சிலிண்டரில் சராசரி அழுத்தம் 2 கிலோ என்றால், எக்ஸாஸ்டில் 0.1 கிலோ எதிர்த்து நின்றாலே சக்தியில் 5 சதவீதம் போய்விடும். சம்பாதித்த 10 சதவீதத்தில் பாதி அங்கேயே கரைந்தது. அளக்க மீட்டர் எதுவும் வேண்டாம். கூட்டின் பக்கத்தில் ஒரு சின்னக் குழாய் முளை வைத்து, தெளிவான பிளாஸ்டிக் குழாயை 'யு' போல வளைத்துத் தண்ணீர் ஊற்றுங்கள். பிஸ்டனின் ஒவ்வொரு அடிக்கும் தண்ணீர் துள்ளும். குழாயை ஒரு கிளிப்பால் பாதி நெரித்தால் அடங்கும். இரு பக்கத்து மட்ட வித்தியாசம் 50 சென்டிமீட்டருக்குள், அதாவது 0.05 கிலோவுக்குள் இருக்கட்டும். தாண்டினால் வெளியேறும் குழாயை ஒண்ணேகால் இஞ்சாகப் பெரிதாக்குங்கள், எல்போக்களைக் குறையுங்கள்.

புகைபோக்கியில் எக்ஸாஸ்டை அடித்துத்தான் நெருப்புக்குக் காற்று இழுக்கிறது என்றால், அதாவது ரயில் இன்ஜின் பாணி என்றால், முழு ஆவியையும் ஹீட்டருக்குள் விடாதீர்கள். எக்ஸாஸ்ட் குழாயில் ஒரு டீ வைத்து அரை இஞ்சுக் கிளை மட்டும் கொடுங்கள். ஆவி குளிர்ந்து சுருங்கச் சுருங்க, வேண்டிய எட்டில் ஒரு பங்கைக் கூடு தானே இழுத்துக்கொள்ளும். ஆனால் கிளை முட்டுச்சந்து என்பதால் காற்று உள்ளே தேங்கும். கடைக்கோடியில் 3 மில்லித் துளை ஒன்று திறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் பத்து நிமிடம் சுடும், பிறகு கூடு தொட்டால் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும்.

எண்ணெய் விஷயத்தில் இரக்கம் கூடாது. வடிகாலில் வருவது பார்க்க நல்ல வடிநீர்போல இருக்கும், சுடவும் சுடும், பாய்லருக்கே திருப்பி விடலாமே என்று கை துறுதுறுக்கும். அதில் சிலிண்டர் எண்ணெய் பால்போலக் கலந்திருக்கிறது. பாய்லருக்குள் போனால் நெருப்புப் படும் தகட்டில் படலமாக ஒட்டும். வெப்பம் தண்ணீருக்குப் போகாமல் தகடே சிவந்து வளையும். பழைய நீராவிக் கப்பல்களில் இந்த வடிநீரைப் பீர்க்கங்கூட்டில் வடிகட்டியே பாய்லருக்கு அனுப்பினார்கள். நம் வீட்டில் முதுகு தேய்க்கிற அதே பீர்க்கங்கூடுதான். அடுக்கடுக்காக வைத்து, கறுத்ததும் மாற்றி, கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் செய்யலாம். மணிக்கு 3.6 லிட்டருக்காக அது தேவையா என்றால், எங்களைக் கேட்டால் வேண்டாம்.

தண்ணீரைப் பொறுத்தவரை காவிரிக் குழாய்நீர் பரவாயில்லை, மழைநீர் உத்தமம். ஒயிட்ஃபீல்டு பக்கத்து போர் தண்ணீர் என்றால் சுடும்போதே சுருளுக்குள் சுண்ணம் படியும். ஒருவகையில் பாய்லருக்குள் படியாமல் இங்கே படிவது நல்லதுதான், கழுவுவது சுலபம். ஹீட்டரைக் குழாயிலிருந்து பிரித்து, லிட்டருக்கு 50 கிராம் எலுமிச்சை உப்பு கரைத்த வெந்நீரைச் சுருளில் ஒரு மணி நேரம் நிறுத்திக் கொட்டுங்கள், நுரை அடங்கும்வரை திரும்பச் செய்யுங்கள். வெளிப்புற எண்ணெய்க்குச் சலவை சோடா, அதே லிட்டருக்கு 50 கிராம், அரை மணி கொதிக்கவிட்டால் செம்பு பளிச்சென்று வரும். 50 மணி ஓட்டத்துக்கு ஒருமுறை இதைச் செய்தால் போதும்.

ஓட்டும்போது பம்பைத் தொடர்ந்து ஓடவிட்டு, பைபாஸை அளவாகத் திறந்து, தண்ணீர் மட்டம் அசையாமல் பிடியுங்கள். கால் மணிக்கு ஒருமுறை பம்பை முழுசாகத் திறந்து நிரப்புகிற பழக்கம் இருந்தால் ஹீட்டரால் பயனில்லை. நின்ற தண்ணீர் 97-ல் சும்மா இருக்கும், திடீரென்று வெள்ளமாகப் பாயும்போது 50-கூடத் தொடாது. பம்புக்குப் பதிலாக இன்ஜெக்டர் வைத்திருப்பவர்களுக்கு லாபம் குறைவு. அது பாய்லர் ஆவியாலேயே தண்ணீரைச் சுடவைத்து அனுப்புகிறது, அதற்குச் சுடுதண்ணீரைக் கொடுத்தாலோ வேலையே செய்யாது.

சுருளுக்கு முன்னும் பின்னும் குழாயோடு சேர்த்து ஒரு தெர்மோகப்பிளை (சூட்டை அளக்கும் கம்பியை) இறுக்கிக் கட்டி, மேலே 25 மில்லி ராக்வூல் சுற்றுங்கள். அரை மணி சீராக ஓடியபின் வெளிவாயில் 85-க்கும் 92-க்கும் நடுவில் காட்ட வேண்டும். வடிகாலில் ஒரு டம்ளரைப் பிடித்து நிமிடத்தை எண்ணுங்கள். கணக்குப்படி நிமிடத்துக்கு 60 மில்லிலிட்டர். எக்ஸாஸ்டே ஈரமாக வருவதால் 80, 100 வந்தாலும் கவலையில்லை. 200-ஐத் தாண்டினால் இன்ஜினை நிறுத்தி, கைப்பம்பால் மட்டும் தண்ணீர் ஏற்றுங்கள். அப்போதும் வடிகால் ஓடினால் சுருளில் ஓட்டை விழுந்துவிட்டது. மேல்மூடியின் நாலு போல்ட்டையும் கழற்ற வேண்டியதுதான். பெரும்பாலும் மூடியை ஒட்டிய பிரேசிங் கழுத்திலேயே இருக்கும்.