குட்வுட் ரிவைவல்: பழைய கார்ப் பந்தய வாரயிறுதிக்கு முதன்முறை செல்வோருக்கான செய்முறை விளக்கம்

இங்கிலாந்தின் மேற்கு சசெக்ஸ் மாவட்டத்தில், சிச்செஸ்டர் நகரை ஒட்டியிருக்கும் குட்வுட் பந்தயத்தடத்தில் ஆண்டுதோறும் செப்டம்பர் மாதம் மூன்று நாட்கள் நடைபெறும் ரிவைவல் பந்தயங்களுக்கு நான் இருமுறை சென்றிருக்கிறேன். முதல் முறை ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் சீட்டு வாங்கி, பார்வையாளர் மாடத்தில் ஒரே இருக்கையில் அமர்ந்து, நான் பல ஆண்டுகளாகப் படத்தில் மட்டும் கண்டிருந்த கார்களைத் தொலைவிலிருந்தே பார்த்துவிட்டுத் திரும்பினேன். இரண்டாம் முறை வெள்ளிக்கிழமை காலையிலேயே போய்ச் சேர்ந்தேன். அந்த மூன்று நாட்களில் கற்றுக்கொண்டதையே இங்கே வரிசையாக எழுதுகிறேன். விசா, விமானப் பயணம், தங்குமிடம் ஆகியவற்றை உங்களுக்கே விட்டுவிடுகிறேன்.

முதல் படி: எதைப் பார்க்கப் போகிறோம் என்று தெரிந்துகொள்வது

இந்தத் தடம் முதலில் ஒரு போர் விமானத்தளம். இரண்டாம் உலகப்போரில் வெஸ்ட்ஹாம்ப்நெட் என்ற பெயரில் இயங்கிய அத்தளத்தைச் சுற்றி விமானங்கள் நகர்வதற்காகப் போட்டிருந்த சாலையே, 1948 செப்டம்பர் 18 அன்று பந்தயத்தடமாகத் திறக்கப்பட்டது. அந்த முதல் நாளிலேயே, முந்தைய நாள்தான் பத்தொன்பது வயது நிரம்பியிருந்த ஸ்டர்லிங் மாஸ் என்ற, பின்னாளில் பெரும் புகழ்பெற்ற இங்கிலாந்துப் பந்தய ஓட்டுநர் 500 சி.சி. பந்தயத்தில் வென்றார். கார்களின் வேகம் தடத்துக்கு மீறிப் போகிறது என்று கருதிய அதன் உரிமையாளர் ரிச்மண்ட் பிரபு, 1966-இல் பந்தயங்களை நிறுத்திவிட்டார். தடம் முதலில் திறந்ததிலிருந்து சரியாக ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1998-இல், அவருடைய பேரன் அதைப் பழைய தோற்றத்திலேயே மீண்டும் திறந்தார். ஆகவே இங்கே ஓடும் கார்கள் எல்லாம் 1966-உடன் முடிந்த காலத்தைச் சேர்ந்தவை. சுற்றியுள்ள கட்டடங்களும் விளம்பரப் பலகைகளும் அந்தக் காலத்தவையாகவே தோற்றமளிக்கும். அந்தச் சுற்றெல்லைக்குள் இன்றைய வாகனங்களுக்கு இடமில்லை.

சென்னைக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது: நம் சோழவரமும் போர்க்கால விமானத்தளத்தில் பிறந்த பந்தயத்தடமே. ஆனால் சோழவரத்தில் ஓடுபாதைகளையே பயன்படுத்தியதால் நீண்ட நேர்கோடுகளும் அவற்றின் முனையில் கூர்மையான திருப்பங்களும் அமைந்தன. குட்வுட்டில் ஓடுபாதையை விட்டுவிட்டு எல்லைச் சாலையை எடுத்துக்கொண்டதால், ஏறத்தாழ 3.8 கிலோமீட்டர் நீளமுள்ள தடம் முழுவதும் வேகத்தை அதிகம் இழக்காமல் வளைந்தோடும் திருப்பங்களாக அமைந்துவிட்டது. நாம் எங்கே நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதும் இந்த அமைப்புதான். அதற்குப் பிறகு வருகிறேன்.

இரண்டாம் படி: சீட்டு

சீட்டுகளை முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும். வாயிலில் விற்பனை கிடையாது. ஒரு நாளுக்கு மட்டுமே வசதி இருந்தால் பலரும் ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுப்பார்கள். நான் வெள்ளிக்கிழமையைப் பரிந்துரைப்பேன். அன்று பந்தயம் பெரிதாக இருக்காது, பயிற்சியும் தகுதிச் சுற்றுகளும்தான் நடக்கும். ஆனால் அனேகமாக எல்லாக் கார்களும் அன்று தடத்தில் இறங்கும், கூட்டம் குறைவாக இருக்கும், கார்களைப் பழுதுபார்ப்பவர்களுக்கு ஒரு புதியவரோடு பேசவும் நேரம் இருக்கும். ஞாயிறு பிற்பகலிலோ தம் பந்தயத்தை முடித்தவர்கள் கார்களை வண்டியில் ஏற்றத் தொடங்கிவிடுவார்கள்.

லண்டன் விக்டோரியா நிலையத்திலிருந்து சிச்செஸ்டருக்கு ரயிலில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஆகும். பந்தய நாட்களில் நிலையத்திலிருந்து தடத்துக்குப் பேருந்து விடுவது வழக்கம். காரில் போவதைவிட எனக்கு இதுவே பிடித்திருக்கிறது.

மூன்றாம் படி: உடை

நான் தடுமாறியது இந்தப் படியில்தான் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன். 1940-களிலிருந்து 1960-களின் நடுப்பகுதி வரையான காலத்து உடையில் வருமாறு பார்வையாளர்களை ரிவைவல் கேட்டுக்கொள்கிறது. பொதுப் பகுதியில் அது வேண்டுகோள் மட்டுமே. அதைப் படித்துவிட்டு, வேண்டுகோள்தானே என்று நினைத்து, நான் ஜீன்ஸும் ஓட்டக் காலணியும் அணிந்து போனேன். ஆனால் பேடாக் என்னும் பகுதிக்கு, அதாவது கார்களை வரிசையாக நிறுத்திப் பழுதுபார்த்துப் பந்தயத்துக்கு அணியமாக்கும் இடத்துக்கு, விதி வேறு: அங்கே ஆண்களுக்குக் கோட்டும் டையும், அல்லது அந்தக் காலத்து ராணுவச் சீருடை, மெக்கானிக் அங்கி போன்ற ஏதாவது ஒன்று இருந்தாக வேண்டும். வாயிலில் நின்றவர் மிகுந்த கனிவோடு விதியைச் சொன்னார். என் கோட்டு அன்று விடுதி அறையில் தொங்கிக்கொண்டிருந்தது. முப்பது அடி தொலைவில், வேலிக்கு அப்பால், ஒரு ஜாகுவார் இ-டைப்பின் முன்மூடியைத் தூக்கி வைத்துக்கொண்டு மூவர் குனிந்து ஏதோ சரிசெய்துகொண்டிருந்ததை என்னால் பார்க்க மட்டுமே முடிந்தது.

அதனால் முதலில் உங்கள் சீட்டில் பேடாக் அனுமதி அடங்குகிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். பிறகு அந்த ஆண்டுக்கான உடை விதியை முழுவதுமாகப் படியுங்கள். வாடகைக்கு விலையுயர்ந்த உடை எடுக்க வேண்டியதில்லை. கம்பளிக் கோட்டு ஒன்று, ஒல்லியான டை ஒன்று, தோல் காலணி ஆகியவை போதும். இங்கிலாந்தின் அறநிலையக் கடைகளில், அதாவது நன்கொடையாக வந்த பழைய பொருட்களை விற்கும் கடைகளில், இவற்றைக் குறைந்த விலையில் பழையதாகவே வாங்கலாம். தோல் அடிப்பாகம் கொண்ட காலணி ஈரப் புல்லில் வழுக்கும் என்பதால் ரப்பர் அடிப்பாகம் உள்ளதைத் தேடுங்கள், ஏனெனில் நாள் முழுவதும் புல்லில்தான் நடப்பீர்கள். சமவெளியான விமானத்தளம் என்பதால் காற்றுக்குத் தடையே இல்லை. செப்டம்பர் என்றாலும் உள்ளே ஒரு ஸ்வெட்டர் தேவைப்படும்.

பேடாக்குக்குள் நுழைந்ததும் ஒரு வாசனை உங்களை நிறுத்தும். அந்தக் காலப் பந்தய எஞ்சின்களுக்கு ஆமணக்கெண்ணெய் கலந்த மசகு எண்ணெயை ஊற்றினார்கள்; சிலர் இன்றும் ஊற்றுகிறார்கள். காஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்ததுதான். இங்கிலாந்து ரசிகர்கள் அந்த வாசனையைப் பந்தயத்தின் வாசனை என்பார்கள். எனக்கோ அது பாட்டி வீட்டு விளக்கெண்ணெய். எஞ்சினை முடுக்கும்போது அந்தப் புகை வந்து முகத்தில் படும் நேரத்தில், எந்த நாட்டில் நிற்கிறோம் என்பது ஒரு நொடி குழம்பிவிடும்.

நான்காம் படி: எங்கே நிற்பது

பந்தயத்தின் நடுவே கார்கள் நின்று செல்லும் பிட் பகுதிக்கு முன்னால், கடைசித் திருப்பமாக இருக்கும் சிக்கேன் என்னும் குறுகலான வளைவில்தான் கூட்டம் அதிகம். 1952-இல் வேகத்தைக் குறைப்பதற்காக அமைத்த அந்த இடத்தில் கார்கள் மெதுவாக வருவதால் படம் எடுக்க எளிது. ஆனால் இந்தக் கார்களின் உண்மையான அழகைப் பார்க்க வேண்டுமானால் மேட்விக்குக்கும் செயின்ட் மேரிஸ் வளைவுக்கும் நடந்து போங்கள்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்து டயர்கள் ஒல்லியானவை. காரைத் தரையோடு அழுத்தும் இறக்கைகளும் அப்போது கிடையாது. அதனால் பிடி திடீரென்று விட்டுப்போகாமல் சிறிது சிறிதாகத் தளர்கிறது, ஓட்டுநர் அந்தத் தளர்வையே பயன்படுத்திக் காரைப் பக்கவாட்டில் சறுக்கவிட்டுத் திருப்பத்தைக் கடக்கிறார். மேட்விக் என்பது வேகமான, நீண்ட வலப்புறத் திருப்பம். அதில் நான்கு சக்கரங்களும் ஒருசேரச் சறுக்க, கூரையில்லாத காரில் ஓட்டுநரின் கைகள் ஸ்டீயரிங்கை ஓயாமல் சரிசெய்துகொண்டே இருப்பதை வேலியோரத்திலிருந்தே காணலாம். இன்றைய பார்முலா 1 காரில் ஓட்டுநர் செய்யும் வேலை நம் கண்ணுக்குத் தெரிவதில்லை, இங்கே அது முழுவதும் தெரிகிறது. இந்தப் பயணத்துக்கு நான் பணம் செலவழிப்பதே இதற்காகத்தான்.

செயின்ட் மேரிஸில் நிற்கும்போது இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். 1958 முதல் 1961 வரை இங்கே நடந்த டூரிஸ்ட் ட்ரோஃபி பந்தயத்தை நான்கு முறை தொடர்ந்து வென்ற மாஸ், 1962 ஏப்ரல் 23 அன்று அந்த வளைவை நெருங்கும்போது தடத்தை விட்டு விலகி மேட்டில் மோதினார். ஒரு மாதம் நினைவு திரும்பவில்லை. அவருடைய முதல்தரப் பந்தய வாழ்க்கை அத்துடன் முடிந்தது. சரிவும் வளைவும் ஒன்றாக வரும் அந்த இடத்தை நேரில் பார்த்த பிறகுதான், பழைய செய்திப்படங்களில் அது எவ்வளவு சாதாரணமாகத் தெரிந்தது என்று எனக்கு உறைத்தது.

ஐந்தாம் படி: பந்தயங்களைத் தேர்ந்தெடுப்பது

நிகழ்ச்சி நூலை முதல் நாள் இரவே படித்து, எந்தப் பந்தயத்துக்கு எந்த வளைவு என்று குறித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் நடப்பதிலேயே நாள் போய்விடும். இரண்டு ஓட்டுநர்கள் பங்கிட்டு ஒரு மணி நேரம் ஓட்டும் டூரிஸ்ட் ட்ரோஃபி நினைவுப் பந்தயத்துக்கு மட்டும் பிட் எதிரே இருங்கள், ஓட்டுநர் மாறுவதைப் பார்க்கலாம். செயின்ட் மேரிஸ் ட்ரோஃபியில் குடும்பக் கார்கள் போட்டியிடும். மினி ஒன்று தன்னைவிடப் பன்மடங்கு பெரிய அமெரிக்கக் காரை வளைவில் முந்துவதும், நேர்கோட்டில் அது மீண்டும் முந்துவதுமாகப் போகும். செட்ரிங்டன் கோப்பையைத் தவறவிடாதீர்கள்: சிறுவர் சிறுமியர் ஓடிவந்து ஏறி மிதித்து ஓட்டும் ஆஸ்டின் ஜே40 பெடல் கார்களின் பந்தயம் அது. நுரையீரல் நோயால் சுரங்க வேலையை விட்ட தொழிலாளர்களுக்காகத் தெற்கு வேல்ஸில் அமைத்த ஆலையில் அவற்றைச் செய்தார்கள். அந்தக் காரணத்தால் எனக்கு அந்தப் பந்தயத்தின் மீது தனி மதிப்பு.

கொண்டுபோக வேண்டியவை

சிறிய இருகண் நோக்கி, காதடைப்பான், சிறிய எஃப்எம் வானொலி ஆகிய மூன்றும் எனக்குக் கேமராவைவிட முக்கியம். படம் எடுத்தே ஆக வேண்டுமென்றால் 70-300 லென்ஸ் போதும். ஷட்டர் வேகத்தை நொடியில் 125-இல் ஒரு பங்கு அளவில் வைத்து, காரோடு சேர்ந்து கேமராவையும் திருப்புங்கள். ஆயிரத்தில் ஒரு பங்கு என்று வைத்தால் சக்கரத்தின் கம்பிகள் அசையாமல் நின்று, ஓடும் கார் நிறுத்திவைத்த கார் போலாகிவிடும்.

பின்சேர்க்கை 1: புடவையில் போகலாமா என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். இரண்டாம் முறை என் மனைவி கைத்தறிப் புடவையும் அதற்கு மேல் நீளக் கம்பளிக் கோட்டும் அணிந்து பேடாக்குக்கு வந்தார், யாரும் தடுக்கவில்லை. 1950-களின் லண்டனில் புடவையும் இருந்ததுதானே. கொசுவம் மட்டும் புல்லின் ஈரத்தைத் தொடாதபடி சற்று உயர்த்திக் கட்டுவது நல்லது.

பின்சேர்க்கை 2: 2024 முதல் பந்தய எரிபொருளில் குறைந்தது 70 விழுக்காடு நீடித்த மூலங்களிலிருந்து வர வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். ஒலி குறைந்திருக்குமோ என்று இருவர் கேட்டார்கள். குறையவில்லை, எஞ்சின்கள் அதே எஞ்சின்கள்தான். குழந்தைகளோடு போகும் பெற்றோர், காதுக்குள் வைக்கும் பஞ்சை நம்பாமல், காது முழுவதையும் மூடும் காதுக் கவசத்தை இங்கிருந்தே வாங்கி, வீட்டில் சில நாள் மாட்டிப் பழக்கிவிட்டு அழைத்துப் போங்கள். அங்கே போய் முதன்முறை மாட்டினால் பத்து நிமிடத்தில் கழற்றி எறிந்துவிடுவார்கள்.