போனவர் ஏன் போனார்? தேடும்போது செய்யும் தவறுகள்

இணையதளத்துக்கு வந்துகொண்டிருந்தவர்கள் குறையத் தொடங்கியதும் பலர் செய்யும் முதல் வேலை, முகப்பில் ஒரு பாப்-அப் வைத்து ‘எங்கள் தளம் எப்படி இருக்கிறது?’ என்று கேட்பது. அதைப் பார்ப்பவர் யார்? இன்னமும் வந்துகொண்டிருப்பவர். நின்றுவிட்டவர் கண்ணில் அந்தக் கேள்வி படப்போவதே இல்லை. போனவர்களுக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். பேச ஒப்புக்கொண்டால் போனில் பேசுங்கள். ஐந்தாறு பேர் கிடைத்தாலே விஷயம் பிடிபடத் தொடங்கும்.

கேட்கும் விதத்திலும் சறுக்குகிறோம். ‘ஏன் வருவதை நிறுத்திட்டீங்க?’ என்றால் ‘நேரமே கிடைக்கலைங்க’ என்பார்கள். முகத்துக்கு நேரே குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. ‘கடைசியா எப்போ திறந்தீங்க? என்ன பண்ணணும்னு வந்தீங்க? அப்புறம் என்ன ஆச்சு?’ என்று நடந்ததைக் கேட்டால் காரணம் தானாக வெளியே வரும்.

காரணத்தை நாமே முடிவுகட்டிக்கொள்வது இன்னொன்று. இதில் நானும் மாட்டியிருக்கிறேன். ஒரு தளத்தில் பதிவுப் படிவத்தைப் பாதியில் விடுகிறவர்கள் அதிகமானார்கள். படிவம் நீளம் என்று நினைத்து இரண்டு கேள்விகளைத் தூக்கினோம், ஒன்றும் மாறவில்லை. பிறகு ஒருவரை அவருடைய போனிலேயே நிரப்பிக் காட்டச் சொன்னோம். சின்னத் திரை. கடைசிக் கட்டத்தைத் தொட்டதும் கீபோர்டு எழும்பி ‘சமர்ப்பி’ பட்டனை மூடிக்கொண்டது. விரலால் மேலே தள்ளினார், மறுபடி தள்ளினார், பட்டன் வரவில்லை. ‘இது எப்பவுமே இப்படித்தாங்க’ என்று போனைக் கீழே வைத்துவிட்டார். நாங்கள் எல்லோரும் மேசைக் கணினியில்தான் சோதித்திருந்தோம்.

உண்மையிலேயே போய்விட்டார்களா என்று பார்க்காமலே காரணம் தேடுவதும் உண்டு. வந்தவரை மறுபடி அடையாளம் காண, தளம் அவருடைய பிரவுசரில் விட்டுவைக்கும் சிறு குறிப்புதான் குக்கி. ஜாவாஸ்கிரிப்ட் (பக்கத்துக்குள் ஓடும் நிரல்) வழியாக வைக்கப்படும் குக்கிகளின் ஆயுளை ஆப்பிளின் பிரவுசரான சஃபாரி 2019 முதல் 7 நாளுக்குச் சுருக்கிவிட்டது. லாகின் செய்யாமல் பத்து நாளைக்கு ஒருமுறை ஐபோனில் தவறாமல் வருகிறவர், அந்தக் குக்கியை நம்பும் அறிக்கையில் ஒவ்வொரு முறையும் புதியவர். பழையவர் ‘தொலைந்துபோன’ கணக்கில் ஏறிவிடுவார்.

பவுன்ஸ் ரேட்டும், அதாவது வந்ததும் திரும்பிவிடுகிற வருகைகளின் விகிதமும், அப்படித்தான். வருகைகளைக் கணக்கிடும் கூகுள் அனலிடிக்ஸின் பழைய பதிப்பில் ஒரே பக்கத்தைப் பார்த்து வேறெதையும் தொடாமல் போனால் அது பவுன்ஸ். அரை மணி நேரம் ஊன்றிப் படித்திருந்தாலும் சரி. புதிய பதிப்பான அனலிடிக்ஸ் 4-இல் 10 நொடிக்கு மேல் இருந்தாலே அது பவுன்ஸ் இல்லை. 2023-இல் பழையது நின்றது. இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சந்தோஷப்படவும் வேண்டாம், வருத்தப்படவும் வேண்டாம். கடைசியாகப் பார்த்த பக்கத்தின் மேல் பழி போடுவதும் இதே ரகம். தொடர்பு எண்ணைத் தேடி வந்தவர் அது கிடைத்ததும் போகத்தான் செய்வார்.

எல்லோரையும் ஒரே சராசரியில் போட்டுக் கலக்காதீர்கள். சேர்ந்த மாதவாரியாகப் பிரித்துப் பாருங்கள். இரண்டே நாளில் போகிறவருக்குத் தளம் எதற்கென்றே புரியாமல் இருந்திருக்கலாம்; இரண்டு வருடம் இருந்து போகிறவருக்கு நீங்கள் அண்மையில் மாற்றிய ஏதோ ஒன்று இடித்திருக்கலாம். இரண்டுக்கும் ஒரே மருந்து கிடையாது.

சிலர் வேலை முடிந்துதான் போகிறார்கள். வேலை தேடும் தளத்தில் வேலை கிடைத்தவருக்கு அங்கே இப்போது என்ன இருக்கிறது? அவருக்கும் ‘உங்களைக் காணோமே!’ என்று தினம் மின்னஞ்சல் அனுப்பினால் ஸ்பேம் என்று குறித்துவிடுவார். ஒரு வருடம் கழித்து அவரே மறுபடி வேலை தேடி வந்து, மறந்துபோன பாஸ்வேர்டை மாற்ற முயலும்போது, உங்கள் லிங்க் ஸ்பேம் பெட்டியில் கிடக்கும். உங்கள் அறிக்கையிலோ அவர் லாகின் பக்கத்தோடு திரும்பிப் போனவர்.