100 இல் கார் உதறினால்: ஒன்ராறியோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஸ்காபரோவுக்கோ பிரம்டனுக்கோ வந்து சில மாதங்களுக்குள் பலரும் ஒரு பழைய கார் வாங்கிவிடுவார்கள். ஊருக்குள் மணிக்கு 50, 60 கிலோமீற்றரில் ஓடும்போது அதில் ஒரு குறையும் தெரியாது. பிறகு மிசிசாகாவில் வேலை கிடைத்து 401 நெடுஞ்சாலையில் ஏறுவார்கள். 100 ஐத் தொட்டதும் ஸ்ரியறிங் கைக்குள் நடுங்கத் தொடங்கும். பயந்துபோய் காரைக் கராஜில் விட்டு, "என்ன பிழையோ பார்த்துச் செய்யுங்கோ" என்று சொல்வதுதான் இங்கே செலவு கூடிய வழி. எந்த வேகத்தில் உதறுகிறது, உடம்பில் எங்கே தெரிகிறது, என்ன செய்தால் கூடுகிறது அல்லது குறைகிறது என்று நீங்களே கவனித்துக்கொண்டு போங்கள். மெக்கானிக் தேட வேண்டிய இடம் பெரிதும் சுருங்கிவிடும். தேவையில்லாத பாகங்களை மாற்றும் செலவும் மிஞ்சும்.

ஏன் 100 இல் மட்டும்? மணிக்கு 100 கிலோமீற்றர் என்றால் விநாடிக்கு ஏறக்குறைய 28 மீற்றர். ஒரு நடுத்தரக் காரின் ரயர் ஒரு சுற்றில் 2 மீற்றர் அளவு உருளும். ஆகவே ஒவ்வொரு சில்லும் விநாடிக்கு 14 தடவை சுற்றுகிறது. றிம்மின் ஓரத்தில் ஒரு பக்கம் வெறும் 30 கிராம் கூடியிருந்தாலும், அந்த வேகத்தில் அது ஏறக்குறைய 5 கிலோ பாரத்தின் விசையோடு சில்லைச் சுற்றிச் சுற்றி வெளிப்பக்கம் இழுக்கும். வேகம் இரண்டு மடங்கானால் இந்த இழுவை நான்கு மடங்காகும். 50 இல் தெரியாத பிழை 100 இல் கைக்கு வருவது இதனால்தான். அதோடு, சஸ்பென்சனில் தொங்கும் சில்லு தன் இயல்பில் துள்ளுவதும் விநாடிக்கு 10 முதல் 15 தடவை வரைதான். இரண்டும் ஒத்துப்போகும் வேகத்தில் உதறல் உச்சத்துக்கு ஏறும். அதைத் தாண்டினால் சில கார்களில் குறைந்தும் விடும். "கொஞ்சம் வேகமாகப் போனால் சரியாகிறது" என்று அதை அப்படியே விட்டுவிடாதீர்கள். பிழை அங்கேதான் இருக்கிறது, ரயரையும் சஸ்பென்சனையும் தின்றுகொண்டு.

இனி உயிர் சம்பந்தமான விடயம். நேற்றுவரை நன்றாக ஓடிய கார் இன்று திடீரென உதறினால், நிமிடத்துக்கு நிமிடம் அது கூடிக்கொண்டே போனால், அல்லது உதறலோடு "டக் டக்" என்று அடிக்கும் சத்தமும் கேட்டால், வீடுவரை ஓடிப் பார்க்க வேண்டாம். சில்லின் நட்டுகள் தளர்ந்திருக்கலாம். ரயரின் உள்ளே இருக்கும் கம்பி அடுக்கு பிரிந்திருக்கலாம். முதலாவதில் சில்லே கழன்று போகும், இரண்டாவதில் ரயர் வெடிக்கும். அக்சிலறேற்றரிலிருந்து காலை எடுத்து, எச்சரிக்கை விளக்கைப் போட்டு, பிறேக்கை மெதுவாகப் பிடித்து, அடுத்த எக்சிற்றில் இறங்குங்கள். அதுவரை முடியாது என்றால் வலப்பக்க ஓரத்தில் நிறுத்துங்கள். இறங்கத்தான் வேண்டுமானால் வாகனங்கள் பாயாத பக்கக் கதவால் இறங்கி, தெருவிலிருந்து தள்ளி நில்லுங்கள். ஓடுபாதையிலேயே கார் நின்றுவிட்டால் 911 க்கு அழைப்பதில் தயக்கமே வேண்டாம்.

நட்டு தளர்வது இங்கே அடிக்கடி நடப்பதற்குக் காரணம் உண்டு. வருடத்துக்கு இரண்டு தடவை, பனிக்கு முன்னும் பின்னும், நாங்கள் ரயர் மாற்றுகிறோம். மாற்றி 100 கிலோமீற்றர் அளவு ஓடியதும் நட்டுகளைத் திரும்ப ஒருமுறை இறுக்க வேண்டும். பில்லிலேயே இதை எழுதித் தருவார்கள், பலர் வாசிப்பதில்லை. பெரும்பாலான கராஜ்கள் காசு வாங்காமலே செய்துவிடும், ஐந்து நிமிட வேலை. தயவுசெய்து இதைத் தள்ளிப் போடாதீர்கள்.

ரயரைப் பார்ப்பது சுலபம். பகல் வெளிச்சத்தில் நான்கையும் சுற்றிப் பாருங்கள், கையால் தடவியும் பாருங்கள். பக்கச் சுவரில் ஒரு புடைப்போ, நடுவில் ஒரு இடம் மட்டும் மேடாக எழும்பியதோ இருந்தால் அந்த ரயரோடு ஹைவேயில் ஏறவே கூடாது. உள்ளடுக்கு பிரிந்த ரயர் 30, 40 இலேயே மெதுவாகத் தட்டும், நாளுக்கு நாள் கூடும். வயதையும் பாருங்கள். ரயரின் சுவரில் டிஓடி (DOT) என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் எண்களில் கடைசி நான்கு இலக்கங்கள் செய்த காலம். 3519 என்றால் 2019 ஆம் ஆண்டின் 35 ஆவது வாரம். மலிவாக வாங்கும் பாவித்த பனிக்கால ரயர்களில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

பனிக்காலத்தில் வந்து இறங்கியவர்கள் பயப்படும் இன்னொரு உதறலுக்கு மெக்கானிக்கே தேவையில்லை. ஈரப் பனிக்குள் ஓடிவிட்டு இரவு வெளியே நிறுத்தினால், றிம்மின் உட்பக்கம் சேர்ந்த பனி ஐஸ்கட்டியாக உறைந்துவிடும். காலையில் 70, 80 க்கு மேல் கார் முழுக்க உதறும். புயலுக்கு அடுத்த நாள் இப்படி நடந்தால் முதலில் நான்கு றிம்களுக்குள்ளும் குனிந்து பாருங்கள். கையுறையோடு தட்டி எடுங்கள், அல்லது சுடுநீரில் கழுவும் கார்வாஷ் ஒன்றுக்குப் போங்கள். உதறல் போய்விட்டால் கதை முடிந்தது. கடுங்குளிரில் இரவு முழுக்க நின்ற ரயர், தரையில் அழுந்திய இடத்தில் கொஞ்சம் தட்டையாகி முதல் சில கிலோமீற்றர் தட்டிக்கொண்டு வருவதும் உண்டு. சூடானதும் அதுவும் சரியாகிவிடும்.

சரி, இவை எதுவும் இல்லை, ஆனாலும் உதறுகிறது என்றால் இரண்டு பேராகப் போய்ச் சோதியுங்கள். ஓட்டுபவர் தெருவை மட்டும் பார்க்க வேண்டும், பக்கத்தில் இருப்பவர் வேகத்தையும் மாற்றத்தையும் குறித்துக்கொள்ளலாம். 401 இல் மாலை நெரிசலில் இதைச் செய்ய முடியாது. ஞாயிறு காலையில் 404 இல் வடக்கே போனால் தெருவும் விடுபட்டிருக்கும். 407 நல்ல வழவழப்பான தெருதான், ஆனால் அங்கே கமரா உங்கள் நம்பர் பிளேற்றைப் படம் பிடித்துக் கட்டணப் பில்லை வீட்டுக்கு அனுப்பும் என்பது நினைவில் இருக்கட்டும். ஊர் லைசென்ஸோடு வந்தவர்கள் ஒன்ராறியோவில் குடியேறி 60 நாட்கள்வரைதான் அதைக் கொண்டு ஓட்டலாம். ஜீ1 (G1) என்ற பழகுநர் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள், லைசென்ஸ் பெற்ற பயிற்சியாளர் பக்கத்தில் இல்லாமல், 400 வரிசை நெடுஞ்சாலைகளிலோ டொன் வலி பார்க்வேயிலோ ஏறவே கூடாது. அப்படியானால் வேறு ஒருவரை ஓட்டச் சொல்லுங்கள்.

வேகத்தை ஒரே அளவில் வைத்திருக்கும்போது நடுக்கம் ஸ்ரியறிங்கில் தெரிந்தால் பெரும்பாலும் முன் சில்லு. கை அமைதியாக இருக்க சீற்றும் தரையும் நடுங்கினால் பெரும்பாலும் பின் சில்லு. 80, 90 இல் தொடங்கி 100 ஐ ஒட்டி உச்சமாகி, அக்சிலறேற்றரை அழுத்தினாலும் விட்டாலும் மாறாமல் நின்றால், முதலில் சந்தேகிக்க வேண்டியது சில்லு பலன்ஸ், அதாவது சில்லைச் சுற்றி எடை சமமாக இருக்கிறதா என்பது. றிம்மின் உட்பக்கம் ஒட்டியிருக்கும் சிறிய எடைகள் உப்பாலும் கார்வாஷ் தண்ணீரின் வேகத்தாலும் விழுந்துவிடும். ஒட்டு இருந்து எடை போன அடையாளம் கண்ணுக்கே தெரியும். பலன்ஸ் செய்வது கராஜுக்குக் கராஜ் விலை மாறினாலும் இந்தப் பட்டியலிலேயே மலிவான வேலை. ஆகவே அதிலிருந்து தொடங்கச் சொல்லிக் கேளுங்கள்.

பலன்ஸ் செய்தும் போகவில்லையா? றிம் வளைந்திருக்கலாம். மார்ச், ஏப்ரலில் இங்கே தெருக்கள் உடைந்து கிடங்கு விழும். உள்ளே போன தண்ணீர் உறைந்து விரிந்து, பிறகு உருகி, மேலே ஓடும் பாரத்தில் தார் பெயர்ந்துவிடும். அதில் ஒருமுறை பலமாக விழுந்தாலே றிம்மின் உள் விளிம்பு வளையப் போதும். பலன்ஸ் மெசினில் சில்லைச் சுற்றவிட்டு விளிம்பைப் பார்த்தால் ஆடுவது தெரியும். "சுற்றிக் காட்டுங்கோ" என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. ரயரின் ஒரு இடம் மற்ற இடத்தைவிட விறைப்பாக இருந்தால் சாதாரண மெசின் அதைக் காட்டாது. ரயரை உருளையால் அழுத்திக்கொண்டு சுற்றும் ரோட்ஃபோர்ஸ் பலன்ஸ் மெசின் உள்ள கடைக்குப் போக வேண்டும்.

ரயர் மாற்றிய அடுத்த நாளே தொடங்கிய உதறல் என்றால் மாற்றிய கடைக்கே திரும்பிப் போங்கள். சில்லு உட்காரும் தட்டில் துரு படிந்திருந்தால் சில்லு நேராக இருக்காது, துருவைச் சுரண்டிவிட்டுப் பூட்ட வேண்டும். வேறு கம்பனி றிம் போட்டிருந்தால் நடுத் துவாரம் பெரிதாக இருக்கும். அதை நிரப்பும் வளையம் இல்லாமல் பூட்டினால் சில்லு மையத்தில் நிற்காமல் உதறும்.

மற்றவற்றைக் கெதியாகச் சொல்லிவிடலாம். பிறேக் பிடிக்கும்போது மட்டும் ஸ்ரியறிங்கும் மிதியும் துடித்தால் பிறேக் தட்டு சமமாகத் தேயவில்லை. உப்புத் துருவாலும் வரும், நட்டுகளை ஏற்றத்தாழ்வாக இறுக்கியதாலும் வரும். அக்சிலறேற்றரை அழுத்தினால் உதறி, காலை எடுத்ததும் நின்றால், சில்லுக்குச் சக்தி கொண்டுபோகும் அக்சிலின் உள் மூட்டு தேய்ந்திருக்கிறது. றப்பர் உறை கிழிந்து கிறீஸ் தெறித்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வேகத்தோடு கூடும் உறுமல் சத்தம், இடப்பக்கம் வளையும்போது கூடினால் பெரும்பாலும் வலச் சில்லின் பெயறிங், வலப்பக்கம் வளையும்போது கூடினால் இடச் சில்லினது. நிறுத்தி வைத்து பார்க் கியரில் எஞ்சினைக் கொஞ்சம் உறுமவிட்டாலும் அதே நடுக்கம் வருகிறதென்றால் சில்லுகளை விட்டுவிடுங்கள். பிழை எஞ்சினிலோ அதைத் தாங்கும் மவுன்ற்களிலோ இருக்கிறது.

எலைன்மென்ற், அதாவது சில்லுகள் நிற்கும் கோணத்தைச் சரிசெய்வது பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனென்றால் புதியவர்களிடம் அதிகம் விற்கப்படுவது அதுதான். எலைன்மென்ற் பிழையென்றால் கார் ஒரு பக்கம் இழுக்கும், ரயர் ஒரு ஓரமாகத் தேயும். அது நேரடியாக உதறலைத் தருவதில்லை. "உதறுது" என்று சொல்லிப் போன உங்களுக்கு எலைன்மென்ற் செய்யச் சொன்னால், ஏன் என்று கேளுங்கள். தேய்ந்த ரயரைக் காட்டி விளக்கினால் சரி. விளக்கம் இல்லையென்றால் வேறு இடம் பாருங்கள். எங்கள் ஆள் நடத்தும் கராஜ் என்பதற்காகக் கேள்வி கேட்கக் கூச்சப்பட வேண்டாம். நல்ல மெக்கானிக் கேள்வியை விரும்புவார்.

சட்டமும் உங்கள் பக்கம் நிற்கிறது. ஒன்ராறியோவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வேலை தொடங்கும் முன் எழுத்தில் மதிப்பீடு கேட்கலாம். கடைசிப் பில் அதைவிட 10 வீதத்துக்கு மேல் கூடக் கூடாது. கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தரச் சொல்லலாம். போட்ட பாகங்களுக்கும் செய்த வேலைக்கும் 90 நாட்கள் அல்லது 5,000 கிலோமீற்றர், எது முதலில் வருகிறதோ அதுவரை உத்தரவாதம் உண்டு. பில்லைத் தொலைத்துவிடாமல் காருக்குள் ஒரு உறையில் போட்டு வையுங்கள். நகரத் தெருவின் கிடங்கில் விழுந்து றிம் வளைந்திருந்தால், இடத்தையும் நேரத்தையும் குறித்து, படம் எடுத்து, 10 நாட்களுக்குள் நகரசபைக்கு எழுத்தில் அறிவியுங்கள். காசு கிடைக்கும் என்று உறுதியில்லை, ஆனால் காலம் கடந்தால் கேட்கவே கடினம்.

இன்னும் கார் வாங்காதவர்களுக்கு ஒன்று. "சேஃப்ரி இருக்கு", அதாவது பாதுகாப்புத் தரச் சான்றிதழ் இருக்கிறது என்று விற்பவர் சொல்வதை உத்தரவாதமாக எடுக்காதீர்கள். அந்தச் சான்றிதழ், பார்த்த நாளில் அந்தக் கார் குறைந்தபட்சத் தரத்தில் இருந்தது என்பதற்கு மட்டுமே. அதன் ஆயுள் 36 நாட்கள். அதை வைத்துக்கொண்டே 100 இல் உதறும் கார்கள் ஓடுகின்றன. காசு கொடுக்கும் முன் காரை ஹைவேயில் ஏற்றி, 100 இல் சில நிமிடம் ஓட்டி, பின்னால் யாரும் இல்லாத நேரம் ஒருமுறை பிறேக் பிடித்துப் பாருங்கள். றேடியோவை நிறுத்திவிட்டு ஓட்டுங்கள். ஹைவேக்குக் கொண்டுபோக விற்பவர் விடவில்லையென்றால் அந்தக் காரை வாங்காதீர்கள்.